அளவை நூலும் செயற்கை நுண்ணறிவும்

செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் இந்நாளில் கல்லூரி மண்டபங்களிலும் ஊர்த் திண்ணைகளிலும் ஒருங்கே வழங்குகின்றது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் பொறி பொதுமக்கள் கைக்கு எட்டியது முதலாக, அதனைப்பற்றிய பயிலரங்குகள் நாடெங்கும் பெருகி வருகின்றன. அவற்றுட் பலவற்றிற் கற்பிக்கப்பெறுவது யாதெனின், பொறியை எவ்வாறு வினவுவது, அது தரும் விடையை எவ்வாறு கட்டுரையாகவும் படமாகவும் ஆக்கிக்கொள்வது என்பதே. இரண்டு நாள் கழிந்ததும் சான்றிதழ் வழங்கப்பெறும். பொறி கூறிய விடை எக்காரணத்தாற் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என ஆராயும் முறையோ அங்குப் பேசப்படுவது அரிது. அம்முறைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அளவை. வடமொழியாளர் இட்ட பெயர் தருக்கம். அதனை விலக்கி வைத்துவிட்டுச் செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்க முற்படுதல், எண்சுவடி அறியாதவனுக்கு வட்டிக் கணக்குக் கற்பிப்பதை ஒக்கும். ஆதலின், நம் கல்லூரியில் இத்துறைபற்றி நடைபெறும் பயிலரங்கு எதுவாயினும் அது தருக்கத்தினின்று தொடங்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விழைவது.

செயற்கை நுண்ணறிவு தருக்கத்தின் மடியிற் பிறந்த குழந்தை என்பதைப் பலர் அறியார். 1956-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடிய கோடைக் கூட்டமே இத்துறைக்குப் பெயரிட்ட கூட்டமாகும். அவ்வாண்டிலேயே நியூவெல், ஷா, சைமன் என்னும் மூவர் ஆக்கிய நிரல் ஒன்று, வைட்ஹெட், ரஸ்ஸல் ஆகிய இருவரும் இயற்றிய கணிதப் பெருநூலின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள முதல் 52 தேற்றங்களுள் 38-ஐத் தானே நிறுவிக் காட்டிற்று. 1958-இல் ஜான் மக்கார்த்தி இங்கிலாந்திலே படித்த கட்டுரை ஒன்றில், உலகியல் அறிவைத் தருக்க வாக்கியங்களாக எழுதிவைத்து, அவற்றினின்று செய்யத்தக்கதை உய்த்துணரும் பொறி வேண்டும் என்று கூறினார். 1965-இல் ராபின்சன் என்பார் அவ்வுய்த்துணர்வைப் பொறிக்கு எளிதாக்கும் ஒற்றை விதியைக் கண்டார். 1972-இல் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தில், தருக்க வாக்கியங்களையே நிரலாகக் கொள்ளும் புரோலாக் என்னும் கணிப்பொறி மொழி தோன்றிற்று.

இவ்வாராய்ச்சியில் எழுந்த சிக்கல் ஒன்று தமிழ் மாணாக்கருக்கு மிக எளிதில் விளங்கத்தக்கது. பறவை பறக்கும் என்பது பொது அறிவு. நெருப்புக்கோழியும் பறவையே; ஆனால் அது பறவாது. கணிதத்தில் ஒருமுறை நிறுவிய முடிபு புதிய செய்தி ஒன்று வந்தமையால் அழிவதில்லை. உலகியலிலோ, பறவை என்று மட்டும் கேட்டபொழுது கொண்ட முடிபை, நெருப்புக்கோழி என்று கேட்டவுடன் கைவிடுகின்றோம். இங்ஙனம் கொண்டதைக் கைவிடும் அறிவை எவ்வாறு விதிப்படுத்துவது? 1980-இல் ரைட்டர் முதலிய அறிஞர்கள் இதற்கெனத் தனித் தருக்க முறைகளை வகுத்தனர். நம் இலக்கணத்திற் பொதுவிதியும் சிறப்புவிதியும் புறனடையும் பயின்ற மாணாக்கன் இதனைக் கண்டு மருளான். உயிரீற்றின் முன் வல்லினம் வந்தால் மிகும் என்பது பொது. அதுகொண்டு ‘சுடு’ என்பதனோடு ‘காடு’ புணருமிடத்து வல்லெழுத்து மிகுமென்று கருதியவன், அது வினைத்தொகை என அறிந்தவுடன் அம்முடிபைக் கைவிட்டுச் ‘சுடுகாடு’ என்றே எழுதுகின்றான். மேனாட்டார் கணிப்பொறிக்குக் கற்பிக்க முயன்றதும் இத்தகைய செயலையே.

தருக்கமும் செயற்கை நுண்ணறிவும் கூடுமிடத்தை ஆராயும் பயிலரங்கு ஒன்று 1988-இல் பிரான்சு நாட்டு ரொஸ்கோப் என்னும் கடற்கரை ஊரில் நடைபெற்றது. பின்னர் அது ஐரோப்பிய மாநாடாக வளர்ந்தது. நம் நாட்டிலும் இம்முயற்சி இல்லாமற் போகவில்லை. தருக்கமும் அதன் பயன்பாடுகளும் பற்றிய இந்திய மாநாட்டு வரிசை 2005-இல் மும்பையில் தொடங்கிற்று. அவ்வரிசையின் மூன்றாம் மாநாடு 2009-ஆம் ஆண்டு சனவரி 7 முதல் 11 வரை நம் சென்னையிலே கூடிற்று. 2013-இல் மீண்டும் ஒருமுறை சென்னையிலேயே கூடிற்று. 2009-ஆம் ஆண்டு மாநாட்டின் கட்டுரைகளைத் தொகுத்தவர் இருவர்: ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக் கணிப்பொறியியல் அறிஞர் ஆர். இராமானுஜம், மற்றொருவர் தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கை. கணிப்பொறியாளரும் தத்துவரும் ஒரு நூலுக்குத் தொகுப்பாசிரியராய் அமைந்தது கருதத்தக்கது. அந்நூல் வெளிவந்ததோ செயற்கை நுண்ணறிவு பற்றிய பன்னாட்டு நூல்வரிசையில். இந்தியத் தருக்க மரபுகளை ஆராய்வது அம்மாநாட்டின் சிறப்பு நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. சென்னையிற் கூடிய அவ்வறிவு சிதம்பரத்திற்கும் கடலூருக்கும் வருதல் அரிதோ?

அரிதன்று, அது தன் பழைய வீட்டிற்கு வருவதேயாகும். அண்ணாகிராமம் ஒன்றியத்தின் சிற்றூர்களினின்று கரும்பு வயல்களைக் கடந்து கல்லூரிக்கு வரும் மாணாக்கர், தம் நிலம் தருக்க நூல் விளைந்த நிலம் என்பதை அறிந்திருத்தல் நலம். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் பிறந்த பெண்ணாகடம் நம் கடலூர் மாவட்டத்தது. அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியாரின் ஊர் பண்ணுருட்டியை அடுத்த திருத்துறையூர். 1313-இல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவாசாரியார் தில்லைக்கு உரியவர். இவர்தம் சமயக் கொள்கை ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளன்று. அவர் கையாண்ட முறையே நாம் கருதுவது. அருணந்தியாரின் சிவஞான சித்தியார், கொள்கையைக் கூறத் தொடங்குமுன், எதனை எதனால் அறிகின்றோம் என்னும் அளவையை வகுத்துக்கொள்கின்றது; பலவாகக் கூறப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. அதன் பரபக்கமோ, மாறுபட்ட கொள்கையினர் பதினால்வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கட்சியையும் முதலில் அவர் கூறுமாறே கூறிப் பின்னரே மறுக்கின்றது. எதிரியின் கூற்றை எதிரியே ஒப்பும்படி எடுத்துரைத்தபின் மறுத்தல் தருக்க ஒழுக்கத்தின் தலையாய அறம்.

இன்னும் பழமையை நோக்கின், மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை ஒரு தருக்க நூலாகவே அமைந்திருத்தலைக் காணலாம். அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கப் புகுந்து, பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்களை விளக்கி, அவை ஒவ்வொன்றும் எவ்வாறெல்லாம் போலியாகும் என்பதையும் எண்ணிக் காட்டுகின்றார். நிறுவவேண்டிய கூற்றில் நிகழும் பக்கப்போலி 9; அதற்குக் காட்டும் காரணத்தில் நிகழும் ஏதுப்போலி 14; எடுத்துக்காட்டில் நிகழும் திட்டாந்தப்போலி 10. வடமொழியிலுள்ள நியாயப்பிரவேசம் என்னும் பௌத்த தருக்கச் சிறுநூலின் பகுப்பும் இதுவே. நடனக் கணிகையின் மகள் ஒருத்தி, கதையின் முடிவிலே, பிழைபட்ட காரணங்களை வகைப்படுத்திக் கற்கின்றாள். இதனை நெட்டுருப்போட்டு மதிப்பெண் பெறும் நம் மாணாக்கர், இது தம் கைப்பேசியிலுள்ள பொறிக்கும் உரைகல் என்பதை நினைப்பதில்லை.

எவ்வாறு உரைகல் ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2016-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு சோதனை நிகழ்த்தினர். ஓநாயின் படங்களையும், அதனை ஒத்த ஹஸ்கி என்னும் பனிநாட்டு நாயின் படங்களையும் காட்டிப் பொறி ஒன்றைப் பழக்கினர். ஓநாய்ப் படங்களிலெல்லாம் பின்புறத்தே பனி இருக்குமாறும், நாய்ப் படங்களிற் பனி இல்லாதிருக்குமாறும் வேண்டுமென்றே தெரிந்தெடுத்தனர். பொறியும் கற்றது; ஆனால் அது கற்றது விலங்கையன்று, பனியை. பனியிலே நிற்கும் நாயைக் கண்டால் அது ஓநாய் என்றது. அப்பொறி எதனைக் காரணமாகக் கொண்டது என்று வெளிப்படுத்திக் காட்டும் வரை, அதனை நம்பத்தக்கது என்று எண்ணியோரும் அச்சோதனையிற் கலந்துகொண்டோருள் இருந்தனர். அறவண அடிகள் இதனைக் கேட்டிருப்பின் வியந்திரார். சாதிக்கவேண்டிய பொருள் உள்ள இடத்தும் இல்லாத இடத்தும் ஒப்பக் காணப்படும் ஏது ஏதுவாகாது. அது அநைகாந்திகம் என்னும் போலி. பனி ஓநாய் உள்ள இடத்தும் பெய்யும், இல்லாத இடத்தும் பெய்யும். கற்கும் பொறிகள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே. அதற்குப் பெயரும் வகையும் நம் மொழியிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உள்ளன.

இனி, உரையாடும் பொறியின் சொல் எவ்வளவையின்பாற்படும் என ஆராய்வோம். இப்பொறி அடிப்படையில் அளவிறந்த நூற்பக்கங்களைப் பயின்று, எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்து உரைப்பது. அது தான் கூறும் பொருளைக் கண்டதில்லை. ஆகவே அதன் கூற்று காண்டல் ஆகாது. காரணம் கூறுவதுபோல் வரிசையாகச் சொற்களை அடுக்கும். ஆனால் அவ்வடுக்கு அம்முடிபிற்கு உண்மையில் வழிசெய்த காரணந்தானா என்பது உறுதியன்று. ஆகவே அதனை அப்படியே கருதல் என்றும் கொள்ளல் இயலாது. எஞ்சியது உரை. பொருளை உள்ளவாறு அறிந்தவனும் வஞ்சியாது கூறுபவனுமாகிய ஆப்தனுடைய சொல்லே உரையளவை என்பர் நம் தருக்கர். பொறிக்கு வஞ்சிக்கும் எண்ணம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அறிந்து கூறுகின்றது என்று எவ்வாறு துணிவது? 2023-இல் நியூயார்க்கு நகரத்து நீதிமன்றம் ஒன்றில், உரையாடும் பொறி எழுதித் தந்த தீர்ப்புக்களை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞருக்கு நேர்ந்ததை உலகம் அறியும். அத்தீர்ப்புக்கள் எந்நாளும் வழங்கப்பெற்றவை அல்ல, பொறி புனைந்தவை. நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். மூன்று அளவையுள் ஒன்றிலும் அடங்காத சொல்லை உரையளவையென மயங்கியதே அங்கு நிகழ்ந்த பிழை. பொறியின் சொல் பயனற்றது என்று யாம் கூறவில்லை. அது ஓர் ஐயுறவைத் தூண்டும் குறிப்பு. அளவையால் நிறுவப்பெற்ற பின்னரே அது அறிவாகும்.

இது கற்றோர் பொழுதுபோக்குக்குரிய வழக்கு என்று யாரும் எண்ணற்க. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணையிற் பெருகிய வெள்ளம் நம் மாவட்டத்து ஊர்களையும் வயல்களையும் மூழ்குவித்தது. அத்தகைய வெள்ளம் மற்றொருமுறை வருகின்றது எனக் கொள்வோம். வானிலிருந்து எடுத்த படத்தைப் பொறியொன்று நோக்கி, இன்ன வயலிற் சேதம் இல்லை என்று விடையளிக்கின்றது. அதுகொண்டு அண்ணாகிராமத்து உழவர் ஒருவரின் இழப்பீடு மறுக்கப்படுகின்றது. உழவர் வந்து “ஏன்?” என்று கேட்பாராயின், அலுவலர் என்ன விடை கூறுவார்? “பொறி அவ்வாறு கூறிற்று” என்பது விடையாகுமா? பசிய நிறம் தோன்றிற்று, ஆதலின் பயிர் உண்டு என்று பொறி கொண்டிருக்கலாம். வெள்ளம் வடிந்த வயலிற் களையும் பசுமையாகவே இருக்கும். ஏது எது என்று அறிந்தால் மறுக்கலாம். அறியாவிடின் மறுக்கவும் வழியில்லை. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, பொறியின் முடிபுகளில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்பும் வேண்டும் என்று கூறுகின்றது. நற்கொள்கை. ஆயினும், காரணத்தைக் கேட்கத் தெரிந்த குடிமகனும், காரணத்தை எடுத்துரைக்கப் பயின்ற அலுவலனும் இல்லாவிடத்து அக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடும். அவ்விருவரும் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

நிற்க. அருணந்தியார் காட்டிய நெறிப்படி மறுதலைக் கட்சியையும் அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்தல் நம் கடன். அக்கட்சியினர் கூறுவர்: “தருக்க விதிகளைக்கொண்டு பொறியை அறிவுடையதாக்கும் முயற்சி தோல்வியுற்றது. ஜப்பானிய அரசு தருக்க நிரலையே அடிப்படையாகக் கொண்டு 1982-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டம் பத்தாண்டு நடந்தும் கருதிய பயனைத் தரவில்லை. உலகத்து அறிவையெல்லாம் விதியாக எழுதி முடித்தல் எவராலும் இயலாது. இன்று வெற்றி பெற்றிருப்பன, விதியை எழுதாது தரவினின்று தாமே கற்கும் பொறிகளே. அன்றியும், நம் மாணாக்கர் ஏழைக் குடும்பத்தினர். அவர்க்கு வேண்டுவது உடனே வேலை தரும் கைப்பழக்கம். பழைய தருக்கம் சோறு போடுமா?”

இக்கூற்றின் முற்பகுதியில் உண்மை உண்டு. அதனை மறுப்பார் இலர். விதிகளை மட்டும் கொண்ட பொறி உலகின் பரப்பிற்கு ஈடுகொடாது. ஆயினும், 1970-களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பெற்ற மைசின் என்னும் பழைய மருத்துவப் பொறி, சில நூறு விதிகளையே உடையதாயினும், “ஏன் இவ்வாறு கேட்கின்றாய்?” என்று மருத்துவர் வினவியபொழுது, தான் பயன்படுத்திய விதியை எடுத்துக் காட்டவல்லதாயிருந்தது. ஆற்றல் மிக்க இக்காலத்துப் பொறிகளுக்கு அவ்வாய்மை இன்னும் எளிதிற் கைகூடவில்லை. மேலும், வென்றதாகக் கூறப்படும் கட்சியே இன்று தருக்கத்தின் வாயிலுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றது. 2024-இல் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் வினாக்களை கூகுள் டீப்மைண்டு நிறுவனத்தார் தம் பொறிகளுக்கு இட்டனர். ஆல்பாபுரூப் என்பதும் அதன் துணைப்பொறியும் ஆறு வினாக்களுள் நான்கினை விடுத்து, 42-க்கு 28 மதிப்பெண் என்னும் வெள்ளிப் பதக்கத் தரத்தை எய்தின. ஆல்பாபுரூப் செய்தது யாது? கற்கும் பொறி நிறுவலை ஊகித்தது. லீன் என்னும் தருக்க மொழியிலமைந்த சரிபார்ப்பான் ஒவ்வொரு வரியையும் ஆராய்ந்து, குற்றமற்றதை மட்டும் ஏற்றது. ஊகிப்பவன் ஒருவன், அளப்பவன் ஒருவன். ஊகம் எத்துணை விரைவாயினும் அளவை இன்றி அது நிறுவல் ஆகவில்லை.

சோறு போடுமா என்னும் வினாவிற்கும் விடை கூறுவோம். கருவியைக் கையாளும் பழக்கம் கருவி மாறியவுடன் பழையதாகிவிடும். இவ்வாண்டு கற்ற பொறி அடுத்த ஆண்டு வழக்கொழியும். கூற்றையும் ஏதுவையும் பிரித்தறியும் பழக்கமோ எப்பொறி வரினும் உடன்வரும். பொறிகள் எழுதித்தரும் நிரலைச் சரிபார்ப்பவனுக்கும், அவற்றின் முடிபைத் தணிக்கை செய்பவனுக்கும் இனித் தேவை பெருகுமேயன்றிக் குறையாது. ஏழை மாணாக்கனுக்கு எளிய பகுதியை மட்டும் கற்பித்து அனுப்புதல் இரக்கம் அன்று. அது அவனை என்றும் பிறர் பொறிக்கு ஏவலாளனாக வைத்திருத்தல்.

முன்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்து இன்டர்மீடியட் வகுப்பில் தருக்கம் ஒரு பாடமாயிருந்தது. அவ்வகுப்பு மறைந்து, பின்வந்த புகுமுக வகுப்பும் மறைந்து, 1978-இல் மேல்நிலை வகுப்பு வந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் இறுதி இயலிற் கணிதத் தருக்கம் சிறிது உண்டு. மெய் அட்டவணை நிரப்புவதோடு அது முடிகின்றது. தத்துவம் பயில்வார் இந்தியத் தருக்கத்தைக் கற்பர். தமிழ் பயில்வார் மணிமேகலையைக் கற்பர். கணிப்பொறி பயில்வார் நிரலைக் கற்பர். மூவரும் ஒரே பொருளின் மூன்று பக்கங்களைக் கற்றும், ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் கல்லூரியில் அடுத்து நடைபெறும் செயற்கை நுண்ணறிவுப் பயிலரங்கின் முதல் நாள் முழுவதும் தருக்கத்திற்கு ஒதுக்கப்படுக. இரண்டாவது, அதனைக் கணிப்பொறித் துறையும் கணிதத் துறையும் தமிழ்த் துறையும் ஒருங்கே நடத்துக. சிதம்பரத்தில் 1929 முதல் விளங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் உள்ளன. அவர்தம் துணையையும் நாடுக. மூன்றாவது, அங்கு நிகழும் உரையாட்டுக் குறைந்தது ஒரு பகுதியேனும் தமிழில் நடைபெறுக. ஒரு பொறியின் விடையை எடுத்துக்கொண்டு, இதிற் பக்கம் யாது, ஏது யாது, எடுத்துக்காட்டு யாது, எவ்வகைப் போலி உளது என்று மாணாக்கர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவாராக. இதற்குப் பெருஞ்செலவு இல்லை; கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் பொறுமையுள்ள ஆசிரியரும் போதும்.

மாணாக்கர்க்கும் ஒரு சொல். பொறியை வெறுக்க வேண்டா. அதனை வணங்கவும் வேண்டா. அது தரும் ஒவ்வொரு விடையின்முன்னும் “ஏது யாது?” என்னும் இருசொல்லை நிறுத்திவைமின். விடை அதனைத் தாங்கி நிற்பின் கொண்மின். தாங்காது சாயின் தள்ளுமின். கல்லூரி உங்களுக்குத் தரக்கூடிய சான்றிதழ்களுள் அவ்வினாவைக் கேட்கும் துணிவினும் மிக்கது ஒன்று உண்டென்று யாம் கருதவில்லை.